கிளிவண்டியின் நிழல்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற சாலையில் ஊஞ்சபாளையம் என்று ஓர் ஊர் உண்டு, அந்த ஊரில் லாரிக்கும் வேனுக்கும் பாடி கட்டுகிற பட்டறைகள் பதினேழு உண்டு, அந்தப் பதினேழு பட்டறைகளிலும் ஒரு வழக்கம் உண்டு: ஒரு வண்டியின் பாடியை அடிச்சட்டமான சேஸை விட்டுத் தூக்குவதென்றால் உச்சிப்பொழுதில்தான் தூக்க வேண்டும். முற்றத்தில் ஒரு கடப்பாரையை நட்டு வைத்துவிட்டு, அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் காலடியில் போய்ப் பதுங்குகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் செயின் பிளாக்கின் சங்கிலியை இழுப்பார்கள். ஏன் என்று கேட்டால், வெயில் தலைக்கு மேலே இருந்தால் எந்த போல்ட்டும் கண்ணுக்குத் தப்பாது என்று ஒருவர் சொல்வார், சோற்றுக்கு முன்னால் வயிறு காலியாக இருந்தால் ஆட்கள் கவனமாக இருப்பார்கள் என்று இன்னொருவர் சொல்வார், உண்மையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் தூக்குவதென்னவோ உச்சியில்தான். இருபத்தாறு வருடமாக அப்படியே தூக்கி வந்த பட்டறைக்காரன் செங்கோடன், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்கினான். அதற்குக் காரணம் பாவாயி.

பாவாயி வெற்றிலை வியாபாரம் செய்கிறவள். விடிந்ததும் காவிரிக்கரையில் ஏழு கொடிக்கால்களுக்குப் போய் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டு, பத்து பத்தரை மணிக்கு ஊஞ்சபாளையத்தைத் தாண்டிப் போவாள். கணவன் இறந்து பதினோரு வருடமாகிறது, ஒரே மகளை ஈரோட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் அவளும் ஒரு ரேடியோவும்தான். அவளுடைய வண்டி அறுபத்தெட்டாம் வருடத்துப் பிக்கப். உருண்டைக் கண் விளக்கும், நீண்ட மூக்கும், பின்னால் கட்டுகளுக்கு மேலே தகரக் கூரையும், உடம்பெல்லாம் கிளிப்பச்சையுமாக இருக்கும், அதனால் அதற்குக் கிளிவண்டி என்றே பெயர். வாய்க்கால் திருப்பத்தில் அந்தப் பச்சை மூக்கு தெரிந்ததுமே கொடிக்கால்காரர்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அதன் சேஸ் துருப்பிடித்து நடுவில் தொய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் கதவு தானாகத் திறந்து மேட்டில் ஏறினால் தானாக மூடிக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தது. மரம் விழுந்து கேபின் நசுங்கிய புது வண்டியொன்று செங்கோடனுக்குத் தோதாகக் கிடைத்தது, அதன் சேஸிலும் எஞ்சினிலும் ஒரு கீறல்கூட இல்லை. பழைய உடம்பைப் புதுச் சேஸின் மேல் தூக்கி வைத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

செங்கோடனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாற்பத்தொன்பது வயது, காதுக்குமேல் எப்போதும் ஒரு பென்சில், கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயது வரைக்கும் பெண் பார்த்தார்கள், நாற்பது வயது வரைக்கும் ஜாதகம் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் பெண்கள் வெளி ஆண் யாரிடம் பேசினாலும் ஓர் 'அண்ணா' போட்டுத்தான் பேசுவார்கள், தபால்காரரும் அண்ணாதான், பஸ் டிரைவரும் அண்ணாதான். பாவாயியும் பட்டறைப் பெயிண்டர் காளியண்ணனை அண்ணா என்பாள், டீக்கடைக்காரரை அண்ணா என்பாள். செங்கோடனை மட்டும் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்பாள், அதோடு சரி. அவள் மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று செங்கோடனுக்குத் தெரியாது, கேட்கவும் பயம், கேட்டால் அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்துவிடுவாளோ என்று. அந்த ஒரு சொல் இல்லாததை வைத்துக்கொண்டே அவன் பதினோரு வருடத்தை ஓட்டியிருந்தான்.

வியாழக்கிழமை பாடியைத் தூக்கப் போவதாகச் சொன்னபோது பாவாயி, "நாலு மணிக்கு வந்து பாக்கறனுங்க" என்றாள். அன்று உச்சியில் கடப்பாரை நிழல் காலடிக்குப் போனது, எல்லோரும் சங்கிலியருகே வந்து நின்றார்கள், செங்கோடன் மட்டும் ஏதோ ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு மணிக்கும் தேடினான், இரண்டு மணிக்கும் தேடினான்.

"ஏனுங்ணா, மணி நாலாவப் போவுது. நாளைக்கு உச்சிக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார் காளியண்ணன்.

"வெயிலு எந்தப் பக்கம் இருந்தா என்ன? போல்ட்டெல்லாம் கழட்டியாச்சு, அப்பறமென்ன."

நாலு மணிக்கு பாவாயி வந்தாள், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்தாள், மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள். செங்கோடன் யாரையும் தொடவிடாமல் தானே சங்கிலியை இழுத்தான். கிளிவண்டியின் பச்சை உடம்பு ஒரு முனகல்கூட இல்லாமல் சேஸிலிருந்து எழும்பி, ஆளுயரத்துக்கு மேலே போய் ஆடாமல் நின்று, மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து புதுச் சேஸின் மேல் உட்கார்ந்தது. "நெம்ப நறுவுசா தூக்கறீங்க" என்று மெச்சினாள் பாவாயி. பாடி மேலே போகும்போது அதன் நிழல் தரையைவிட்டு அசையவில்லை என்பதைக் காளியண்ணன் பார்த்தார், மேகம் ஏதோ போகிறது என்று நினைத்துக்கொண்டார். வானத்தில் மேகம் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வேலை நடந்தது. புதுச் சேஸ் ஒரு சாண் நீளமாக இருந்ததால் ஒரு துளைகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை, வெட்டி, ஒட்டி, ஸ்டியரிங் ராடை வளைத்து, பட்டி பூசித் தேய்த்து, எல்லாம் தகரக் கொட்டகைக்குள்ளேயே நடந்ததால் வண்டிக்கு நிழல் இருக்கிறதா என்று பார்க்கிற சந்தர்ப்பம் யாருக்கும் வரவில்லை. பழைய சேஸை, காயலான்கடைக்காரர் வந்து எடுத்துப்போகட்டும் என்று, பட்டறைக்கு வெளியே பஸ் ஸ்டாப் பக்கமாகத் தள்ளி விட்டிருந்தார்கள்.

அந்த பஸ் ஸ்டாப்பில் ஒரு போர்டு மட்டும்தான் உண்டு. சாலையை அகலமாக்கியபோது புளியமரங்களை வெட்டி ஆறு வருடமாகிறது, அன்றிலிருந்து ஜனங்கள் அந்த போர்டின் நிழலில் வரிசையாக நின்று பழகியிருந்தார்கள், முதலில் வந்தவருக்குத் தலைக்கு நிழல், அடுத்தவருக்குத் தோளுக்கு. அங்கே கம்மங்கூழ் விற்கிற அத்தாயிதான் முதலில் கண்டது. கண்டாள் என்பதைவிட உட்கார்ந்தாள் என்பதே சரி. காலையில் பானையை இறக்கி வைத்து, இரண்டு பேருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனவள் துடைக்க வியர்வை இல்லாததைக் கண்டு அப்புறம்தான் தரையைப் பார்த்தாள். இரண்டு நீள இரும்பும் நாலு சக்கரமுமாக நின்ற மொட்டைச் சேஸின் பக்கத்தில், நீண்ட மூக்கும் உருண்டைக் கண்ணும் தகரக் கூரையும், பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிகளும் கொண்ட முழுப் பிக்கப்பின் நிழல் விழுந்து கிடந்தது. அத்தாயி பானையை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. காலையில் நிழல் மேற்கே சாலைப் பக்கம் விழும், சாயங்காலம் கிழக்கே பட்டறைப் பக்கம் விழும், ஆகவே உச்சியில் எல்லோரும் எழுந்து, கூழ்ப்பானையும் தூக்குச்சட்டியும் கைக்குழந்தையுமாக சேஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கேபின் நிழல் கர்ப்பிணிகளுக்கும் வயசாளிகளுக்கும் என்று தானாகவே ஆயிற்று, கூரை நிழல் மற்றவர்களுக்கு, மூக்கு நிழலில் சவரத்தொழிலாளி நாற்காலி போட்டார். கண்டக்டர்கள் "நெழல் ஸ்டாப்பு எறங்கு" என்று கூவத் தொடங்கினார்கள். சாலையை அளக்க வந்த அதிகாரி ஒருவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சேஸ் பட்டா நிலத்தில்தான் நிற்கிறது என்றும், நிழல் அரசாங்க நிலத்தில் விழுவதைத் தடுக்க விதி எதுவும் இல்லை என்றும் எழுதிவைத்துவிட்டு, இரண்டு சொம்பு கூழ் குடித்து, பஸ் வந்தபின்பும் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போனார். காயலான்கடைக்காரர் வந்தபோது அவரையும் உட்காரவைத்துக் கூழ் கொடுத்தார்கள். அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

செங்கோடனுக்கு முதல் நாளே எல்லாம் விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. காயத்தில் புதுத் தோல் வளர்கிற மாதிரி உடம்புக்குப் புது நிழல் வளர்ந்துவிடாதா என்ற நப்பாசையில், வேலை முடிந்த வண்டிக்கு மேலும் ஒரு கோட், அதற்கு மேலும் ஒரு கோட் என்று பச்சையை அடித்துக்கொண்டே இருந்தான். ஐந்தாவது கோட்டில் காளியண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

பங்குனி பிறந்து பாவாயி வண்டி எடுக்க வந்தாள். கொட்டகையிலிருந்து வெயிலுக்கு வந்த கிளிவண்டி பளபளவென்று நின்றது, கதவு டப்பென்று மூடியது, எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது, தரையில் ஒன்றும் விழவில்லை. பாவாயி வண்டியின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், பிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற வண்டி நெழலு அங்க கெடக்குதுங்க."

"ஆமாங்க."

"அது எப்பங்க வரும்?"

"தானா வந்துருமுங்க," என்றான் செங்கோடன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அது வரவில்லை. நிழல் இல்லாத வண்டியின் கூரை மழையைத் தடுத்தது, காற்றைத் தடுத்தது, தூசியைத் தடுத்தது, வெயிலை மட்டும் தடுக்கவில்லை. கூரையே இல்லாததுபோல வெயில் அதற்குள் இறங்கி வெற்றிலைமேல் விழுந்தது. ஈரச்சாக்கு சுற்றிப் பார்த்தாள், தார்ப்பாய் கட்டிப் பார்த்தாள், வண்டியோடு கட்டிய எதுவும் வண்டியாகவே ஆகி, அதுவும் நிழலைத் தொலைத்தது. விடியற்காலையில் கண்ணைப் பறிக்கிற பச்சையில் ஏறிய இலை ஒன்பது மணிக்கெல்லாம் பழுத்து மஞ்சளாகிவிட்டது. பழுத்த இலையை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? மூன்றாம் நாள் கொடிக்கால்காரர்கள் ஏழு பேரும் வரப்பில் கூடி நின்று, கோபமில்லாமல், சங்கடத்தோடு சொன்னார்கள்: "அம்மணி, ஒன்ற மேல குத்தமில்ல. சித்திர பத்து வரைக்கும் பாக்கறம். அப்பறமேல்ட்டு எலைய வேற வண்டிக்குத்தான் போடோணும், வேற வழியில்ல." பதினோரு வருடம் தான் ஒருத்தியாகவே கட்டிக்காத்த ஏழு கொடிக்கால்கள் கையைவிட்டுப் போகப்போகின்றன என்று அன்றைக்குத்தான் பாவாயிக்கு உறைத்தது. திரும்புகிற வழியில் வண்டியைப் பட்டறை முன்னால் நிறுத்தினாள். கேபினுக்குள் இடக்கையால் குடையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஓட்டி வந்திருந்தாள். மஞ்சளான கட்டு ஒன்றைக் கொண்டுவந்து செங்கோடன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் செங்கோடன் சோறு தின்னவில்லை.

ஆனால் அந்தக் குடை அவன் கண்ணில் பட்டிருந்தது. கையில் பிடித்த குடை வண்டியோடு சேர்ந்ததல்ல, அதற்கு நிழல் உண்டு. மறுநாள் விடிகாலையில் ஆளுயரக் குடைகள் இரண்டை வாங்கிக்கொண்டு அவன் கிளிவண்டியின் பின்னால் ஏறி, வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே கைக்கு ஒரு குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டறையைக் காளியண்ணன் பார்த்துக்கொண்டார். இப்படி ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, பங்குனி முழுக்க, கொடிக்காலிலிருந்து கடைசிக் கடை வரைக்கும், மேட்டிலும் பள்ளத்திலும் குடை சாயாமல் பிடித்துக்கொண்டு போனான். பார்த்தவர்கள், "சாமி ஊர்வலம் எந்தக் கோயிலுதுங்க?" என்று கேலி செய்தார்கள். அவனுக்குக் கழுத்து கறுத்தது, தோள் கடுத்தது, ஆனாலும் அந்த மாதம்போல அவன் சந்தோஷமாக இருந்ததில்லை. வண்டியில் பாதி இலை பச்சையாகவே வந்தது. குடைக்கு எட்டாத மீதிப் பாதி பழுத்துத்தான் போயிற்று.

ஒருநாள் பாவாயி, கேபினுக்கும் பின்னாலுள்ள கட்டுகளுக்கும் நடுவேயுள்ள சின்னச் சன்னலைத் திறந்து, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உச்சிக்குத்தானுங்க தூக்கோணும்? காளியண்ணன் சொன்னாங்க. நீங்க ஏன் நாலு மணிக்குத் தூக்குனீங்க?"

குடைகள் இரண்டும் ஆடின. "நீங்க நாலு மணிக்கு வர்றன்னீங்க."

"வந்தா?"

"நான் தூக்கறத நீங்க பாக்கோணும்னு இருந்துச்சுங்க. வேற ஒண்ணுமில்லைங்க. இருவத்தாறு வருஷமா பண்ணாத தப்ப அதுக்குத்தான் பண்ணிப்போட்டன்."

பாவாயி கியரை மாற்றினாள். வண்டி ஒரு ஊரைத் தாண்டியது, ஒரு பாலத்தைத் தாண்டியது, இன்னொரு ஊரைத் தாண்டியது. செங்கோடன், இப்போது வரப்போகிறது அந்த 'அண்ணா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு நல்லாத்தான் தூக்குனீங்க," என்று சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப நெழல எடுத்து வெக்கறதுக்கு வழி சொல்லுங்க."

வழி செங்கோடனுக்குத் தெரிந்துதான் இருந்தது. உடம்பைத் திரும்பவும் பழைய சேஸின் மேலே, பிரிந்த அதே நாலு மணிக்கு வைக்க வேண்டும், நிழல் வந்து சேர்ந்துகொள்ளும், மறுநாள் உச்சியில் முறைப்படி தூக்கிப் புதுச் சேஸில் வைத்துவிடலாம். ஆனால் அந்தச் சேஸ் இப்போது பட்டறையின் சொத்தாகவா இருக்கிறது? அதன் ஒரு முனையில் தொட்டில் தொங்கியது, மறுமுனையில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். செங்கோடன் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டாப்பிலிருந்த அத்தனை பேரும் அத்தாயியைப் பார்த்தார்கள். அத்தாயி கூழ்க்கரண்டியைப் பானையில் தட்டினாள்.

"ஆறு வருசம் வெயில்ல வெந்தம் சாமி. எங்கள ஒருத்தரும் வந்து என்னான்னு கேக்குல. இப்பத்தான் ரெண்டு மாசமா நெழல்ல குக்கறம். அதுக்குள்ள எந்திரிங்கறயா?"

மறுநாள் பாவாயியே வந்தாள், பழுத்த கட்டு ஒன்றையும் பச்சைக் கட்டு ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, தன் வண்டியின் நிழலில் தானே முதல்முறையாக உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கேபின் நிழலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவாயி அவளைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், தான் கேட்க வந்ததை விட்டுவிட்டு மடியிலிருந்த கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கடைசியில் அத்தாயிதான் பழுத்த கட்டைத் தூக்கிப் பார்த்து, "அடப் பாவத்தே, அத்தனையும் இப்பிடியா?" என்று கேட்டாள்.

"பாதி இப்பிடித்தானுங்க. பத்தாந்தேதியோட கொடிக்காலும் இல்லைங்க," என்றாள் பாவாயி. பிறகு சொன்னாள்: "அத்தாயக்கா, பத்தரைக்கெல்லாம் என்ற எலை எறங்கீருது. அதுக்கு மேல வண்டிக்கு என்ன வேலை, ஊட்டு முன்னால சும்மாதான் நிக்குது. வெயில் தாழற வரைக்கும் தெனமும் இங்கயே கொண்டாந்து நிறுத்தறன். நெழலும் இங்கயே இருக்கும். காலைல பத்தரை வரைக்கும் மட்டும் என்ற எலைக்கு உடுங்க."

ஸ்டாப்பில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். பத்தரை மணி வரைக்கும் வெயில் அப்படியொன்றும் மோசமில்லை என்று சவரத்தொழிலாளி சொன்னார். அத்தாயி கையை நீட்டினாள், பாவாயி பச்சைக் கட்டிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து அந்தக் கையில் வைத்தாள், அத்தாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு மென்றாள். வெற்றிலை கைமாறிவிட்டால் அப்புறம் பேச்சு மாறக்கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சித்திரை ஏழாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, தொட்டிலை அவிழ்த்து, குங்குமத்தைத் துடைக்காமல், சேஸைப் பட்டறை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். பச்சை உடம்பு அதன்மேல் இறங்கியது. தரையில் கிடந்த நிழல் ஒருமுறை சிலிர்த்தது, பிறகு கட்டுத்தறிக்குத் திரும்புகிற மாடுபோல அவசரமில்லாமல் வந்து அடியில் பொருந்திக்கொண்டது. மறுநாள் எட்டாம் தேதி. வருடத்தில் அந்த ஒரு சில நாட்களில்தான் சூரியன் அந்த ஊருக்கு நேர் தலைமேல் வந்து நிற்கும், கடப்பாரைக்கு நிழலே இருக்காது. ஊரே முற்றத்தில் நின்றது. செங்கோடன் சங்கிலியைக் காளியண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தான் கேபினுக்குள் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

"உள்ள ஆள் இருக்கப்படாதுங்ணா," என்றார் காளியண்ணன்.

"ஸ்டியரிங் ராடு சிக்கிக்கும். புடிச்சுக்கோணும்."

ராடு சிக்குகிற மாதிரி காளியண்ணனுக்குத் தெரியவில்லை, ஆனாலும் இழுத்தார். வண்டி எழும்பியது, நகர்ந்தது, புதுச் சேஸில் உட்கார்ந்தது. ஒரு மணிக்கு வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் சக்கரத்தடியிலிருந்து நிழல் மெல்ல வெளியே வந்து படுத்தது, மூக்கு, கண்ணாடி, கூரை எல்லாம் முழுசாக. ஜனங்கள் குலவை போட்டார்கள். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சந்தடியில் செங்கோடன் வண்டியைவிட்டு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அவன் இறங்கினான். அவன் நிழல் இறங்கவில்லை.

மறுநாளே அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. சொன்ன சொல் தவறாமல் பத்தரை மணிக்குப் பாவாயி வண்டியைக் கொண்டுவந்தாள், உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள், தரையில் ஓடிவந்த நிழலில் இரண்டு தலைகள் இருந்தன. அவள் இறங்கிய பின்னும் ஒரு தலை அப்படியே இருந்தது, காதுக்குமேல் செருகிய பென்சிலோடு. அத்தாயி அதைப் பார்த்தாள், பட்டறை வாசலில் வெயிலில் நிழலில்லாமல் நின்ற செங்கோடனைப் பார்த்தாள், கூழை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நெழலுக்கு இருக்கற தெகிரியம் ஆளுக்கு இல்லாமப் போச்சே."

செங்கோடனுக்கு நிழல் இல்லாமல் பெரிய குறை ஒன்றும் இல்லை. அவனுக்குப் பின்னால் நின்றால் வெயில் அடிக்கிறது என்று ரேஷன் கடை வரிசையில் ஒருவர் சண்டைக்கு வந்தார், அவ்வளவுதான். இலை வாடாமல் வருகிறது, கொடிக்கால்கள் ஏழும் பாவாயிக்கே நிலைத்துவிட்டன, குடைக்கு வேலை இல்லை. குடைக்கு வேலை இல்லை என்றால் அவனுக்கும் வண்டியில் வேலை இல்லை. என்ன சொல்லி ஏறுவது? அதனால் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு ஸ்டாப்புக்குப் போய், கேபின் நிழலில் உட்கார்ந்திருக்கிற தன் நிழலுக்கு எதிரே உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றுவிட்டு வந்தான். தன் நிழலைப் பார்த்தே ஒரு மனுஷன் பொறாமைப்பட முடியும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊர் அதையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த நிழல் இருக்கிற இடத்தில் யாரும் காலை நீட்டவில்லை, குழந்தைகள் அதற்கு 'பட்டறை மாமா' என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரர்கள், "ரெண்டு பேரும் வாங்க" என்றார்கள். கொடிக்கால்களில் வரப்பு ஓரத்துக்கு டீ இரண்டு டம்ளரில் வந்தது, வரும் பொருளை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாத பாவாயி இரண்டையும் குடித்தாள். சித்திரை போயிற்று, வைகாசி பாதி போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறத் தொடங்குகிற நேரத்தில், வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளிவண்டி வந்தது, ஸ்டாப்பில் நிற்காமல் நேரே பட்டறை வாசலுக்கு வந்து நின்றது. பின்னால் இலைக் கட்டுகள் பாதி இன்னும் இறக்கப்படாமலே இருந்தன. செங்கோடன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தான்.

"வண்டில ஏதாவது சத்தம் வருதுங்களா?"

"வண்டி நல்லா இருக்குதுங்க. உங்க நெழல்தான் எறங்க மாட்டீங்குது."

செங்கோடனுக்குக் காது சிவந்தது. "நானும் கூப்புட்டுப் பாத்துட்டனுங்க. நாளைக்கு உச்சிக்கு ஒருக்கா கேபினத் தூக்குனா எறங்கீருமுங்க. தூக்கீரட்டுங்களா?"

பாவாயி பதிலுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். பட்டறைக்குள் வெல்டிங் சத்தம் நின்றுபோனது, ஸ்டாப்பில் கூழ்க்கரண்டி நின்றுபோனது.

"தெனமும் ஏழு கொடிக்காலுக்குப் பதினாலு டீ குடிக்கறனுங்க, ராத்திரியில தூக்கமே வர்றதில்லை. அன்னைக்கு ராடு சிக்குதுன்னு ஏறுனீங்களே, அது சிக்கற ராடு இல்லைன்னு எனக்கும் தெரியும். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிச்சாப்புல புடிச்சு வெச்சுப்போட்டு, ஒன்றரை மாசமா ஆளு வராம இருந்தா எப்பிடிங்க? ஏறுங்க. எலை வாடுது."

செங்கோடன் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினான், கிடைக்காமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான், ஏறினான். அந்த சீட் மட்டும், அத்தனை வெயிலிலும், யாரோ அவனுக்காக அதுவரைக்கும் உட்கார்ந்திருந்தது போலச் சில்லென்று இருந்தது. வண்டி கிளம்பியது. சாலையில் கூடவே ஓடிய நிழலில் நேற்றுப்போலவே இரண்டு தலைகள் இருந்தன, வண்டிக்குள்ளும் இரண்டு தலைகள் இருந்தன. அது ஸ்டாப்பைத் தாண்டும்போது அத்தாயி எட்டிப் பார்த்து எண்ணிச் சரிபார்த்துவிட்டு, தாம்பூலம் மாற்ற நல்ல நாள் என்றைக்கு வருகிறது என்று சவரத்தொழிலாளியிடம் கேட்டாள்.